டிரெஸ்டன் நகரத்துத் திருநாட் பழவப்பம்

உலகில் எந்நாட்டு மக்களாயினும் தம் திருநாளை அதற்குரிய உணவின்றிக் கொண்டாடுவாரல்லர். அவ்வுணவை நுணுகி ஆராயின், அந்நாட்டின் நிலவளம், வாணிகம், சமயவொழுக்கம், இல்வாழ்க்கை ஆகிய பலவும் அதனுள்ளே பிசைந்து வைக்கப்பட்டிருத்தல் புலனாகும். ஜெர்மனி நாட்டுச் சாக்சனி மாகாணத்தின் தலைநகராகிய டிரெஸ்டனில், கிறிஸ்து பிறந்த திருநாளுக்கெனச் சுடப்பெறும் ஷ்டொல்லன் என்னும் பழவப்பம் இவ்வுண்மைக்குத் தக்கதொரு சான்றாகும். அதன் வரலாற்றையும், சுடும் முறையையும், அம்முறைக்கு அடிப்படையாயுள்ள காரணங்களையும் நம் கல்லூரி அன்பர்களுக்கு ஈண்டு ஒருவாறு எடுத்துரைக்க விழைகின்றோம்.

டிரெஸ்டன் நகரம் தமிழருக்கு முற்றிலும் அயலானதன்று. 1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் கற்று, தமிழ் நூல்களை அச்சேற்றிய சீகன்பால்கு ஐயர் பிறந்த புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூர் அந்நகருக்கு அணித்தே உள்ளது. பிற்காலத்தில் தமிழ்நாட்டில் பல பள்ளிகளை நடத்திய லைப்சிக் மிஷன் சங்கமும் 1836-ஆம் ஆண்டில் டிரெஸ்டனிலேயே தோன்றி, 1848-ஆம் ஆண்டில் லைப்சிக் நகருக்கு மாறியதாகும். ஆதலின் அந்நாட்டார் தம் இல்லங்களில் திருநாளுக்கு யாது சுட்டு உண்டனர் என அறிதல் நமக்குப் பொருந்தாத செய்தியாகாது.

அப்பத்தின் இயல்பு

நம் நாட்டுக் கிறிஸ்தவ இல்லங்களில் டிசம்பர் மாதத்தில் மணக்கும் பிளம் கேக்கையும் இவ்வப்பத்தையும் ஒன்றெனக் கருதலாகாது. கேக்கானது முட்டையை நன்கு அடித்துச் சேர்ப்பதனாலும், பேக்கிங் பவுடர் இடுவதனாலும் உப்பி எழுவது. ஷ்டொல்லனோ ரொட்டி இனத்தைச் சேர்ந்தது. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரால் மாவு புளித்துப் பொங்க, அதன்பின் சுடப்படுவது. முட்டை அதற்கு இன்றியமையாத பொருளன்று. நீண்டு, நடுவே சற்று மேடிட்டு, ஒருபுறம் மடிக்கப்பட்ட வடிவினதாய், மேலெங்கும் வெண்சர்க்கரை போர்த்து விளங்கும். துணியிற் பொதிந்து கிடத்திய குழந்தை இயேசுவின் சாயலை அவ்வடிவில் மக்கள் காண்பர். இதற்குரிய மற்றொரு பழம்பெயர் ஷ்ட்ரீட்செல் என்பது. 1434-ஆம் ஆண்டு முதல் டிரெஸ்டனில் நடைபெற்றுவரும் கிறிஸ்துமஸ் சந்தை அப்பெயரையே தாங்கி, ஷ்ட்ரீட்செல் சந்தை என வழங்குகின்றது.

நோன்பப்பம் விருந்தப்பமானது

இவ்வப்பத்தைப் பற்றிய பழைய குறிப்புகளுள் ஒன்று, 1329-ஆம் ஆண்டில் சாலே நதிக்கரையிலுள்ள நௌம்பர்க் நகரத்ததாகும். அவ்வூர் ரொட்டி சுடுவோர்க்கு ஹைன்ரிக் என்னும் அத்தியட்சர் சங்கமுரிமை வழங்கியபோது, ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நாளில் நீண்ட கோதுமை அப்பங்கள் இரண்டினைத் தமக்குத் தரவேண்டுமென விதித்தார். டிரெஸ்டனிலோ 1474-ஆம் ஆண்டில், பர்த்தொலொமேயு மருத்துவச்சாலையின் கணக்கேட்டில் இப்பெயர் காணப்படுகின்றது. அங்கு அது நோன்புக் காலத்து உணவாகக் குறிக்கப்பட்டிருத்தல் நோக்கற்பாலது.

இக்காலத்தே வெண்ணெயும் பழமும் ததும்பும் பண்டம் நோன்புணவாயிருந்தது எங்ஙனம் என ஐயுறலாம். அக்காலத்தில் கிறிஸ்து பிறப்புக்கு முன்னுள்ள அட்வெந்து வாரங்கள் நோன்பு நாள்களாக விளங்கின. பாலும் வெண்ணெயும் அந்நாள்களில் விலக்கப்பட்டிருந்தன. ஆகவே மாவு, ஈஸ்ட், தண்ணீர், எண்ணெய் ஆகியவற்றைக் கொண்டே அப்பத்தைச் செய்தனர். தென் ஐரோப்பியர்க்கு அவ்விதி பெருந்துன்பமாகாது. ஒலிவ எண்ணெய் அவர்க்கு எளிதிற் கிடைத்தது. ஒலிவ மரம் வளராத சாக்சனி நாட்டாரோ, கடுகினத்தைச் சேர்ந்த விதைகளினின்று எடுத்த, வாடையுடைய எண்ணெயையே பயன்படுத்த வேண்டியதாயிற்று. பசுக்கள் நிறைந்த நாட்டில் மக்கள் வெண்ணெயை வீட்டில் வைத்துக்கொண்டே சுவையற்ற அப்பத்தை உண்டனர்.

இக்குறையை நீக்குமாறு சாக்சனியை ஆண்ட எர்னஸ்ட் கோமகனாரும் அவர்தம் இளவல் ஆல்பிரெக்டும் உரோமாபுரிக்கு விண்ணப்பித்தனர் என்பர். அனுமதி விரைவில் வந்திலது. 1486-ஆம் ஆண்டில் எர்னஸ்ட் இறந்தார். 1491-ஆம் ஆண்டிலேயே, எட்டாம் இன்னோசென்ட் என்னும் போப்பாண்டவர், 'வெண்ணெய்த் திருமுகம்' என இன்றும் வழங்கும் ஆணையைப் பிறப்பித்தார். அதன்படி நோன்பு நாளிலும் வெண்ணெய் சேர்க்கலாம். ஆயின் அதற்கு ஈடாகப் பணம் செலுத்துதல் வேண்டும். 1484-ஆம் ஆண்டில் தீக்கிரையான பிரைபர்க் நகரத்துப் பேராலயத்தைக் கட்டுதற்கு அப்பணம் பயன்பட்டது. வெண்ணெய் உண்ணும் உரிமை விலைபோவதை மார்ட்டின் லூதர் 1520-ஆம் ஆண்டில் ஜெர்மானியப் பிரபுக்களுக்கு எழுதிய நூலிற் கடிந்துரைத்தார். 1539-ஆம் ஆண்டில் டிரெஸ்டனைச் சார்ந்த சாக்சனி நாடு லூதரின் சீர்திருத்தத்தைத் தழுவியபின், வெண்ணெய்க்கு விலக்கும் இல்லையாயிற்று, விலையும் இல்லையாயிற்று. இங்ஙனம் நோன்பப்பம் மெல்ல மெல்ல விருந்தப்பமாய் மாறியது.

பொருள்களும் அளவும்

டிரெஸ்டன் ஷ்டொல்லன் என்னும் பெயர் 2010-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் காப்புப் பெற்றது. அந்நகரிலும் அதனைச் சூழ்ந்த குறிப்பிட்ட ஊர்களிலும் சுடப்பட்டு, வரையறுத்த அளவின்படி அமைந்த அப்பமே அப்பெயரைத் தாங்கலாம். அவ்வளவு வருமாறு: 100 பங்கு மாவுக்குக் குறைந்தது 50 பங்கு வெண்ணெய், 65 பங்கு விதையற்ற சுல்தானா திராட்சை, 20 பங்கு சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சு, நாரத்தைத் தோல், 15 பங்கு வாதுமைப் பருப்பு. வெண்ணெய்க்கு மாற்றாக மார்கரின் சேர்த்தலும், செயற்கை மணமூட்டுதலும் ஆகா.

இவ்வெண்களைக் கூட்டிப் பார்ப்பின் ஒரு வியப்புத் தோன்றும். மாவின் மேற் சேரும் நான்கு பொருள்களும் 150 பங்காகின்றன. அதாவது, சுமக்கும் மாவினும் சுமை ஒன்றரை மடங்கு மிகுதி. இதுவே இவ்வப்பத்தின் பெருமை. இதுவே இதனைச் சுடுவோர்க்கு வரும் இடரும்.

மேலும், இப்பொருள்களுட் பல சாக்சனியில் விளைவனவல்ல. திராட்சையும் வாதுமையும் நாரத்தையும் மத்தியதரைக் கடலைச் சார்ந்த வெப்ப நாடுகளினின்றும் சென்றவை. நறுமணத்துக்கெனச் சிலர் சேர்க்கும் ஏலம் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்குரியது. சாதிபத்திரி மொலுக்காத் தீவுகளுக்குரியது. பனி மூடிய ஒரு நகரத்தின் திருநாள் அப்பத்தில் வெயில் நாடுகள் பலவற்றின் விளைவு கலந்துள்ளது.

இனிமையால் வரும் இடர்

ரொட்டி மாவு எவ்வாறு எழுகின்றது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். கோதுமை மாவில் நீர் சேர்த்துப் பிசையும்போது, அதிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று பின்னி, குளூட்டன் என்னும் மீள்தன்மையுடைய வலையாகின்றன. ஈஸ்ட் மாவிலுள்ள சர்க்கரையை உண்டு, கரியமிலவாயுவையும் சிறிது சாராயச்சத்தையும் வெளிவிடுகின்றது. அவ்வாயு வலையினுட் சிக்கிச் சிறுசிறு குமிழிகளாகத் தங்க, மாவு உப்புகின்றது.

இனி, மேற்கூறிய சுமைகள் யாது செய்யும் எனக் காண்பாம். வெண்ணெய் மாவுத் துகள்களைப் பூசி மூடி, புரதங்கள் பின்னிக்கொள்வதைத் தடுக்கும். சர்க்கரை மிகுமாயின், ஈஸ்ட்டுக்கு வேண்டிய நீரைத் தான் ஈர்த்துக்கொண்டு அதனைச் சோர்வுறச் செய்யும். உலர்ந்த திராட்சையும் மாவின் ஈரத்தை உறிஞ்சும். கடினமாகப் பிசையின் நசுங்கி மாவைக் கறுக்கச் செய்வதோடு, வலையையும் அறுத்துவிடும். ஆகவே, எப்பொருள்கள் அப்பத்துக்குச் சுவை தருகின்றனவோ, அப்பொருள்களே அதனை எழவொட்டாமல் அமிழ்த்துகின்றன. எல்லாவற்றையும் ஒருங்கே கொட்டிப் பிசைபவர் ஈற்றிற் பெறுவது அப்பமன்று, இனிப்புக் கல்லேயாம்.

டிரெஸ்டன் நகரத்தார் இதற்குக் கண்ட வழி ஒன்றே. மாவுக்கு முதலில் வலிமை தருக. அதன்பின் சுமையை ஏற்றுக. அதனையும் ஒவ்வொன்றாக ஏற்றுக. கீழ்வரும் முறை முழுவதும் இவ்வொரு நெறியின் விரிவேயாகும்.

சுடும் முறை

இரண்டு அப்பங்களுக்கு வேண்டுவன: மைதா 1 கிலோ, வெண்ணெய் 500 கிராம், சுல்தானா திராட்சை 650 கிராம், பாகில் ஊறிய தோல் 200 கிராம், வாதுமை 150 கிராம், சர்க்கரை 100 கிராம், பால் ஏறக்குறைய 300 மில்லி லிட்டர், புதிய ஈஸ்ட் 80 கிராம் அல்லது உலர்ந்த ஈஸ்ட் 25 முதல் 30 கிராம், உப்பு 10 கிராம், ஓர் எலுமிச்சையின் துருவிய மஞ்சள் தோல், சிறிது சாதிபத்திரிப் பொடி, சிறிது ஏலப்பொடி. மேற்பூச்சுக்கு வெண்ணெயும் சர்க்கரையும் வேறாக வைத்துக்கொள்க.

முதல் நாள் இரவில் திராட்சையைக் கழுவித் துடைத்து, ரம் என்னும் மதுவில் ஊறவைப்பர். மதுவை விலக்குவோர் ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைக்கலாம். ஆயின் அங்ஙனம் செய்த அப்பத்தை நெடுநாள் வைத்திராது விரைவில் உண்ணல் வேண்டும். முன்னரே ஊறிய திராட்சை மாவின் ஈரத்தைக் கவராது என்பதே இதன் பயன். வாதுமையை வெந்நீரிலிட்டுத் தோலுரித்து, சிறு துண்டுகளாக நறுக்கி வைக்க.

மறுநாட் காலையில் மாவில் மூன்றிலொரு பங்கை எடுத்து, வெதுவெதுப்பான பாலிற் கரைத்த ஈஸ்ட்டைச் சேர்த்துத் தளரப் பிசைந்து மூடிவைக்க. பாலின் சூடு கை பொறுக்கும் அளவினதாதல் வேண்டும். கொதிக்கும் பால் ஈஸ்ட்டைக் கொன்றுவிடும். உப்பும் வெண்ணெயும் இம்முன்மாவிற் சேரலாகா. அரைமணி முதல் ஒருமணி நேரத்துள் அது இருமடங்காகப் பொங்கும். தடையேதுமின்றி ஈஸ்ட் பெருகி வலிவு பெறுதற்கு விடப்பட்ட காலம் இதுவாகும்.

பின்னர் எஞ்சிய மாவு, சர்க்கரை, உப்பு, நறுமணப் பொருள்கள் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, மாவு ஒன்றுகூடியபின் வெண்ணெயைச் சிறிது சிறிதாக இடுக. வெண்ணெய் விரலால் அழுத்தக் குழையுமளவு மென்மையாயிருத்தல் வேண்டும், உருகியிருத்தல் ஆகாது. உருகியது மாவினின்று பிரிந்து வழியும். நம் நாட்டில் இதனைச் சுட விழைவோர், வெயில் ஏறுமுன் விடியற்காலையிலேயே இவ்வேலையைத் தொடங்குதல் நலம். மாவு கையில் ஒட்டாது வழவழப்பானதும் மூடி, அரைமணிக்குக் குறையாது ஓய்வளிக்க.

இறுதியிலேயே திராட்சையும் தோலும் வாதுமையும் இடம்பெறும். அவற்றை அழுத்திப் பிசையாது, மாவை மடித்து மடித்து மெல்லக் கலத்தல் வேண்டும். மீண்டும் சிறிது நேரம் வைத்து, இரு கூறாக்கி, ஒவ்வொன்றையும் நீள்வட்டமாகத் தட்டுக. நடுவினின்று சற்று விலகி உருளைக்கட்டையால் நெடுக ஒரு பள்ளம் அழுத்தி, ஒருபாதியை மறுபாதியின்மேல் மடித்தால் ஷ்டொல்லனுக்குரிய வடிவம் அமையும். வடிவமைத்தபின் இருபது முப்பது நிமிடங்களுக்கு மேல் வைத்தல் தகாது. வெண்ணெய் மிகுந்த மாவு நெடுநேரம் நிற்பின் பரந்து தட்டையாகிவிடும்.

ரொட்டியடுப்பை முன்னரே 180 பாகை சென்டிகிரேடு அளவுக்குச் சூடாக்கி, அப்பங்களை உள்ளே வைத்துச் சிறிதுநேரங் கழித்துச் சூட்டைச் சற்றுத் தணித்து, ஏறக்குறைய ஒருமணி நேரம் சுடுக. மேற்புறம் விரைந்து சிவக்குமாயின் தாளால் மூடலாம். மெல்லிய மரக்குச்சியை உட்செலுத்தி எடுக்கும்போது மாவு ஒட்டாதிருப்பின் வெந்ததென அறிக. வெளியே துருத்திக் கரிந்த திராட்சைகளைக் கிள்ளி எறிந்துவிடுக. கரிந்ததொன்று கைப்பை முழுவதற்கும் ஊட்டும்.

வெண்போர்வையும் காத்திருத்தலும்

அடுப்பினின்று எடுத்தவுடன், சூடு ஆறுமுன், உருக்கிய வெண்ணெயை அப்பத்தின் எல்லாப் புறத்தும் இருமுறை தாராளமாகப் பூசிச் சர்க்கரையைத் தூவுவர். முற்றும் ஆறியபின் மாவுபோற் பொடித்த சர்க்கரையை மேலே கனமாகச் சலிப்பர். இஃது அழகுக்கு மட்டும் செய்யப்படுவதன்று. வெண்ணெய்ப் பூச்சு உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமற் காக்கும். சர்க்கரைப் போர்வையோ பூஞ்சணத்துக்கு வேண்டிய நீரை அதற்குக் கிட்டாதபடி செய்யும். நம் இல்லங்களில் ஊறுகாயை உப்பும் எண்ணெயும் காப்பது போன்றதே இதுவும்.

இவ்வளவும் செய்து முடித்தபின்னும் அப்பம் உண்ணும் பதத்தை அடைந்திலது. அதனைத் துணியிலோ தாளிலோ நன்கு சுற்றி, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் இரண்டு மூன்று வாரங்கள் வைப்பர். அந்நாள்களில் பழத்திலுள்ள ஈரம் மெல்லப் பரவி மாவை மென்மையாக்கும். வெண்ணெயிற் கலந்த நறுமணம் எங்கும் ஊடுருவும். சுட்ட அன்றே வெட்டியதில் மாவு வேறு, பழம் வேறு, மணம் வேறாகச் சுவைக்கும். காத்திருந்து வெட்டியதில் அனைத்தும் ஒன்றாகச் சுவைக்கும். இக்காரணம்பற்றியே டிசம்பர்த் திருநாளுக்குரிய அப்பத்தை நவம்பரிலேயே சுட்டு வைப்பர். வெப்பம் மிகுந்த நம் நாட்டில் இதனைக் குளிர்பெட்டியில் வைத்தலே தக்கது.

அரசரும் எளியோரும்

இவ்வப்பத்தைச் சூழ்ந்து அரச ஆடம்பரமும் வளர்ந்தது. 1560-ஆம் ஆண்டு முதல் டிரெஸ்டன் ரொட்டி சுடுவோர், தம் அரசருக்கு 36 பவுண்டு எடையுள்ள ஷ்டொல்லனைக் கிறிஸ்துமஸ் காணிக்கையாக அளித்துவந்தனர். 1730-ஆம் ஆண்டில் 'வலியர்' எனப் பட்டம் பெற்ற ஆகஸ்ட் அரசர், சைட்ஹைன் என்னுமிடத்தில் நடத்திய பெரும் படைவிழாவிற்கென ஏறக்குறைய 1.8 டன் எடையுள்ள ஒரே அப்பத்தைச் சுடுவித்தார். அதற்கெனவே ஓர் அடுப்பைப் பொப்பெல்மான் என்னும் அரண்மனைச் சிற்பி கட்டினார். நூறு பேரளவினர் அப்பணியில் ஈடுபட்டனர். எட்டுக் குதிரைகள் அதனை இழுத்துவந்தன. அது நிகழ்ந்தது ஜூன் மாதமாதலின், திருநாளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதனை நினைவுகூர்ந்து 1994-ஆம் ஆண்டு முதல், அட்வெந்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கு முந்திய சனிக்கிழமையன்று ஒரு பேரப்பத்தை ஊர்வலமாகக் கொணர்ந்து துண்டித்து மக்களுக்கு விற்பது அந்நகரில் வழக்கமாயிற்று.

ஆயினும், அவ்வரசரின் அப்பத்தினும் எளியோர் வீட்டு அப்பமே எம் உள்ளத்தைக் கவர்கின்றது. 1945-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் குண்டுவீச்சினால் டிரெஸ்டன் நகரின் நடுப்பகுதி பாழாயிற்று. பின்னர் 1949 முதல் 1990 வரை அது கிழக்கு ஜெர்மனி அரசின் கீழிருந்தது. அயல்நாட்டுத் திராட்சையும் வாதுமையும் நாரத்தைத் தோலும் அக்காலத்தில் அரிதாகவே கிடைத்தன. தோலுக்கு மாற்றாகக் காரட்டையும் தக்காளிக்காயையும் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துப் பயன்படுத்தினர். மேற்கு ஜெர்மனியிலிருந்த உறவினர் திராட்சையும் வாதுமையும் பொட்டலமாகக் கட்டி அனுப்புவர். அவற்றைக்கொண்டு சுட்ட அப்பத்தைக் கிழக்கிலிருந்தோர் கைம்மாறாக அனுப்புவர். நாட்டை இரண்டாகப் பிரித்த எல்லையை, இங்ஙனம், மேற்கினின்று பழமாகவும் கிழக்கினின்று அப்பமாகவும் உறவு கடந்துகொண்டிருந்தது.

மற்றொரு வழக்கமும் உண்டு. வீட்டில் பெரிய அடுப்பில்லாதோர் தம் பொருள்களைத் தாமே சேர்த்து, தெருவிலுள்ள ரொட்டிக்கடைக்கு எடுத்துச்செல்வர். பல குடும்பத்து அப்பங்கள் ஒரே அடுப்பில் வேகுமாதலின், தம்முடையது இன்னதென அறிய, பெயர் பொறித்த சிறு தகடொன்றை ஒவ்வொருவரும் தம் மாவிற் குத்தி வைப்பர். அத்தகடுகளைத் தாயிடமிருந்து மகள் பெற்றுப் போற்றிவந்த குடும்பங்கள் பல.

பெயரைக் காக்கும் சட்டமும் அளவும் வேண்டுவனவே. மாவை மிகுத்துப் பழத்தைக் குறைத்து, பெயரை மட்டும் விற்போரை அவை தடுக்கும். ஆயின் திராட்சை கிடையாத காலத்தில் காரட்டை இட்டுச் சுட்ட தாய்மாரின் அப்பம், அவ்வளவுகோலில் நில்லாதாயினும், திருநாளின் பொருளில் நின்றதென்றே யாம் கருதுகின்றோம். எண்ணெயைக் கொண்டு சுட்ட முன்னோரும் கிடைத்ததைக் கொண்டே திருநாளை எதிர்நோக்கினர்.

இனி, அப்பத்தை வெட்டும் முறையையும் கூறி இக்கட்டுரையை முடிப்பாம். ஷ்டொல்லனை ஓரத்தினின்று வெட்டுவது மரபன்று. நடுவில் வெட்டி, வேண்டிய துண்டுகளை எடுத்துக்கொண்டு, எஞ்சிய இரு பாதிகளையும் ஒன்றோடொன்று நெருக்கி வைப்பர். வெட்டுவாய் மூடப்படுதலால் உள்ளீரம் உலராது. நாளும் வருவோர்க்கெல்லாம் நடுவினின்று வழங்கி, இரு பாதிகளும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து வர, இறுதியில் இரு ஓரங்களே எஞ்சும். மாணவ அன்பர்களுள் எவரேனும் இதனைச் சுட முயல்வரேல், அளவுகளை மறப்பினும் முன்மாவின் நெறியை மறவாதிருப்பாராக: வலிமை முந்துக, சுமை பிந்துக, இரண்டற்கும் பின்னர்ச் சில வாரம் பொறுத்திருக்க.